நூற்றாறே கால்

கதவு முழுசாகச் சாத்திக்கொள்வதற்குள் விசாரணைக்கு வந்த அதிகாரி இடுக்கில் காலை நுழைத்துவிட்டாள். செருப்பு நசுங்கியது, விரல் தப்பித்தது.

"பூட்டு கையிலேயே இருக்கட்டும் சார். மாட்ட வேண்டாம்."

பூட்டும் கையுமாகப் பிடிபட்ட தலைமையாசிரியர், காற்றில் கதவு அடித்துக்கொண்டிருந்தது, அதனால்தான் என்று ஆரம்பித்தார். வெளியே ஓர் இலைகூட அசையவில்லை. அதை அவரே கவனித்துவிட்டுப் பாதியில் நிறுத்திக்கொண்டார்.

சல்லடை என்பது கல்வித்துறை அலுவலகத்தில் அவளுக்கு முதுகுக்குப் பின்னால் வைத்த பெயர். எதையும் சலிக்காமல் விடமாட்டாள் என்று அர்த்தம். அவளுக்கும் தெரியும், உள்ளுக்குள் கொஞ்சம் பெருமைகூட. விசாரணைக்குப் போனால் அவளுக்கென்று ஒரு முறை உண்டு. ஜீப்பை முன்வாசலில் நிறுத்தி நீளமாக ஹாரன் அடிக்கச் சொல்லுவாள். தான் மட்டும் முன்னமே இறங்கி, சைக்கிள் கொட்டகைப் பக்கமாக உள்ளே வந்து நிற்பாள். ஹாரன் கேட்டதும் ஊரே முன்வாசலுக்கு ஓடும். எவர் மட்டும் எதிர்ப்பக்கம் ஓடுகிறாரோ, அவர் பின்னாலேயே போனால் போதும். பாதி விசாரணை அங்கேயே முடிந்துவிடும்.

இன்றைக்கு எதிர்ப்பக்கம் ஓடியவர் தலைமையாசிரியர். ஓடி வந்து சேர்ந்த இடம் இந்த அறை.

கால் ஒடிந்த பெஞ்சுகள், சுருட்டி வைத்த தேசப்படங்கள், மூலையில் நீல நிறத்தில் ஒரு பெரிய பிளாஸ்டிக் பெட்டி. அதன் மூடியில் அரசாங்கம் ஒட்டிய சிவப்பு முத்திரைத் தாள் கிழிந்து தொங்கியது. ஒருமுறை கிழித்து ஒட்டிய கிழிசல் இல்லை. தினமும் திறந்து மூடிப் பிசிறு தட்டிய கிழிசல்.

"முத்திரையை யார் கிழிச்சது?"

தலைமையாசிரியர் சாவிக்கொத்தைப் பார்த்தார், ஏதோ அதுதான் பதில் சொல்லவேண்டும் என்பதுபோல. பிறகு கணக்கு டீச்சரைக் கேட்கச் சொன்னார். தனக்கு ஒன்றும் தெரியாது என்பதை மட்டும் மூன்று விதமாகச் சொன்னார்.

விஷயம் இதுதான். கணக்கு என்றால் வயிற்றுவலி, அறிவியல் என்றால் தலைவலி என்று ஒதுங்கும் பிள்ளைகளை இழுத்துப் பிடிக்க அரசாங்கம் 'செய்து பார்' என்று ஒரு திட்டம் கொண்டுவந்தது. பள்ளிக்கு ஒரு நீலப்பெட்டி. உள்ளே ஸ்கேல்கள், காந்தங்கள், லென்சுகள், எடைக்கற்கள். பிள்ளைகள் கையால் தொட்டு, அளந்து, நிறுத்துக் கற்றுக்கொள்ளட்டும் என்று நல்லெண்ணம். ஆனால் பொருள் உடைந்தால் யார் பதில் சொல்வது என்று ஒரு கேள்வி எழுந்தது. உடனே ஒரு சுற்றறிக்கை போயிற்று: திறனறித் தேர்வு நாளன்று மட்டும் பெட்டியின் முத்திரையை உடைத்து, தேர்வு முடிந்ததும் திரும்ப முத்திரை வைத்துவிட வேண்டும்.

அந்தத் தேர்வில் எட்டாம் வகுப்புக்கு வந்த கடைசிக் கேள்வி சல்லடை எழுதியது. தாளில் ஒரு செவ்வகம். பெட்டியில் உள்ள ஸ்கேலால் அளந்து பரப்பளவைக் காண்க. அவ்வளவுதான். இந்த ஒரு கேள்விக்காகக் குழுக் கூட்டத்தில் தொண்டை வற்றச் சண்டை போட்டிருந்தாள். மனப்பாடம் செய்து எழுத முடியாத கேள்வி ஒன்றாவது இருக்கட்டும் என்பது அவள் கட்சி. பன்னிரண்டு சென்டிமீட்டர் நீளம், எட்டு சென்டிமீட்டர் அகலம். விடை தொண்ணூற்று ஆறு. மாவட்டம் முழுக்கப் பிள்ளைகள் தொண்ணூற்று ஆறு என்று போட்டிருந்தார்கள். அவளுக்கே நம்ப முடியாத வெற்றி.

இந்த ஒரு பள்ளியில் மட்டும் எட்டாம் வகுப்பு மொத்தமும், பெருக்கத் தெரிந்தவன் தெரியாதவன் என்று பார்க்காமல், ஒரே விடையைப் போட்டிருந்தது. நூற்றாறே கால்.

தப்பு தனித்தனியாக வரும். கும்பலாக வராது. கும்பலாக வந்தால் யாரோ சொல்லிக்கொடுத்திருக்கிறார்கள். சொன்னவருக்கும் கணக்குத் தெரியவில்லை. எந்திரம் திருத்திய விடைத்தாள் குவியலில் இது தானாக வெளியே வந்திருக்காது. திட்டத்தின் புகார் எண்ணுக்கு யாரோ பேர் சொல்லாமல் ஃபோன் பண்ணி, அந்த வகுப்பின் கடைசி விடையை எடுத்துப் பாருங்கள், டீச்சர் சொல்லிக்கொடுத்தது என்று சொல்லியிருந்தார்கள். எடுத்துப் பார்த்தார்கள். இருந்தது.

சல்லடையின் கைப்பையில் இப்போது கணக்கு டீச்சரின் தற்காலிகப் பணிநீக்க உத்தரவு இருக்கிறது. இயக்குநர் கையெழுத்துப் போட்டுவிட்டார். விசாரணை அதிகாரி என்று அச்சடித்த இடத்துக்கு மேலே அவள் கையெழுத்து விழுந்தால், டீச்சர் இன்று சாயங்காலம் வீட்டுக்குப் போகலாம். அதன்பிறகு எந்தப் பள்ளியும் அவளைத் திரும்பக் கூப்பிடாது.

டீச்சர் எட்டாம் வகுப்பில் கரும்பலகையைத் துடைத்துக்கொண்டிருந்தாள். முப்பத்தைந்து வயசு இருக்கும். முழங்கைவரை சுண்ணாம்புத் தூள். சல்லடை வாசலில் நின்றதும் திரும்பிப் பார்த்து, துடைப்பானை மேஜைமேல் வைத்தாள். மேஜை சுத்தமாக இருந்தது. திருத்திய நோட்டுகள் ஒரு பக்கம் அடுக்கி, சொந்தப் புத்தகங்களை எல்லாம் ஒரு துணிப்பையில் போட்டு, பையின் வாயை முடிந்து நாற்காலிமேல் வைத்திருந்தாள்.

"வாங்க மேடம். வருவீங்கன்னு தெரியும்."

சல்லடைக்குக் காது விடைத்தது. திடீர் விசாரணை. டிரைவருக்கே ஜீப் கிளம்பியபிறகுதான் எங்கே என்று தெரியும். இவளுக்கு எப்படித் தெரியும்? அலுவலகத்தில் ஆள் வைத்திருக்கிறாளா?

யார் சொன்னது என்று கேட்டதற்கு, மனசில் பட்டது என்றாள் டீச்சர். முத்திரையைக் கிழித்தது யார் என்று கேட்டதற்கு, ஒளிக்காமல், தான்தான் என்றாள். தேர்வு முடிந்த பிறகு தினமும் பெட்டியைத் திறந்து பிள்ளைகளிடம் கொடுத்து வந்ததாகவும், காந்தத்தைப் பார்த்த பிறகு இரண்டு பிள்ளைகள் லீவு போடுவதையே விட்டுவிட்டதாகவும் சொன்னாள்.

"'செய்து பார்'னு பேர் வெச்சுட்டுப் பூட்டி வெச்சா, எதைச் செய்யறது, எதைப் பார்க்கறது?"

பதில் நன்றாகத்தான் இருந்தது. அதனாலேயே சல்லடைக்குப் பிடிக்கவில்லை. முன்கூட்டியே தயார் பண்ணின பதில்களுக்குத்தான் இப்படி ஓசை இருக்கும். தப்பு செய்யாதவர்கள் முதலில் பதறுவார்கள், கோபப்படுவார்கள், என்னை ஏன் மேடம் கேக்கறீங்க என்று குரலை உயர்த்துவார்கள். இவள் அழவும் இல்லை, கெஞ்சவும் இல்லை.

நூற்றாறே கால் எப்படி வந்தது என்று நேராகவே கேட்டாள். டீச்சர் ஒரு கணம் வகுப்பைப் பார்த்தாள்.

"நான் சொன்னா சாக்கு மாதிரி இருக்கும் மேடம். பிள்ளைங்களையே கேளுங்க. என்னை எங்க வேணா உக்கார வெச்சுட்டுக் கேளுங்க."

அப்படியே செய்தாள். டீச்சரைத் தலைமையாசிரியர் அறையில் உட்கார வைத்து, ஜீப் டிரைவரைக் கதவில் நிற்க வைத்தாள். ஹாரன் அடித்தே பழகியதால் அவருக்கு 'ஹாரன்' என்றுதான் பெயர். டீச்சர் ஓடினால் என்ன பண்ணுவது என்று ஹாரன் கேட்டார். அடித்துப் பிடிக்கட்டுமா, ஹாரன் மட்டும் அடித்தால் போதுமா? சல்லடை முறைத்த முறைப்பில் அவர் பட்டாளத்துக்காரர் மாதிரி விறைத்து நின்றார்.

பிள்ளைகளை விளையாட்டுத் திடலுக்கு இட்டுப்போய், ஒருவர் தாளை ஒருவர் பார்க்க முடியாத தூரத்தில் உட்கார வைத்தாள். நீலப்பெட்டியிலிருந்து ஆளுக்கொரு ஸ்கேல் கொடுத்தாள். பழைய கேள்வித்தாளின் பிரதியையும் கொடுத்தாள்.

விடை வந்தது. நூற்றாறே கால். முன்வரிசைப் பெண் போட்டாள், கடைசி மூலையில் உட்கார்ந்தவனும் போட்டான். நகம் கடித்துக்கொண்டிருந்த ஒரு பிள்ளை பெருக்குவதில் தடுமாறி வேறு என்னவோ எழுதியிருந்தது. ஆனால் அதற்கு மேலே அதன் கையெழுத்தில் பன்னிரண்டரை, எட்டரை என்று இருந்தது.

அவள் உதட்டைக் கடித்துக்கொண்டாள். மனப்பாடம். உருப்போட வைத்திருக்கிறாள். இது இப்படித்தான் வரும் என்று தெரிந்துதான் 'பிள்ளைங்களையே கேளுங்க' என்று அந்த அம்மாள் அவ்வளவு தைரியமாகச் சொன்னாள்.

சல்லடை ஏமாறுகிற ஆள் இல்லை. அறிக்கைகளில் கோடு போடுவதற்காக ஃபைலில் ஓர் இரும்பு ஸ்கேல் எப்போதும் வைத்திருப்பாள். அதை எடுத்து, வெள்ளைத் தாள்களில் புதிதாகக் கோடுகள் போட்டாள். யாரும் எதிர்பார்க்க முடியாத கோடுகள். சிலருக்குப் பத்து சென்டிமீட்டர். சிலருக்கு ஏழு. அளந்து சொல்லுங்கள் என்றாள்.

"பத்தரை மேடம்."

"எனக்கும் பத்தரை."

"ஏழரை," என்றான் மூலையில் உட்கார்ந்தவன். சொன்ன சத்தத்துக்குப் பக்கத்திலிருந்தவள் களுக்கென்று சிரித்தாள். "உன் மூஞ்சிக்கு அதான் வரும்," என்றாள்.

சல்லடை சிரிக்கவில்லை. முழங்கால் போட்டுத் தரையிலேயே உட்கார்ந்துவிட்டாள். அவனுடைய பிளாஸ்டிக் ஸ்கேலை வாங்கித் தன் இரும்பு ஸ்கேலோடு ஒட்டி வைத்தாள். ஓரத்தோடு ஓரம் சேர்த்தாள். இரும்பில் ஒன்று என்று இருக்கும் இடத்தில் பிளாஸ்டிக்கில் ஒன்றரை இருந்தது. இரண்டுக்கு இரண்டரை.

ஸ்கேலின் தொடக்கத்தில் அரை சென்டிமீட்டரைக் காணோம். பூஜ்யம் இருந்திருக்கவேண்டிய துண்டு அப்படியே வெட்டுப்பட்டிருந்தது. ஓரத்தைக் கோட்டின் நுனியில் வைத்து அளக்கிற பிள்ளைக்கு எதை அளந்தாலும் அரை கூடத்தான் வரும்.

பெட்டியில் இருந்த மற்ற ஸ்கேல்களையும் எடுத்துப் பார்த்தாள். ஒன்றுவிடாமல் எல்லாவற்றிலும் அதே அரை சென்டிமீட்டர் இல்லை.

பிள்ளைகள் அளந்துதான் எழுதியிருக்கிறார்கள். அது வரைக்கும் சரி. ஆனால் வெட்டியது யார்?

இந்த யோசனை வந்ததும் சல்லடை பழைய சல்லடை ஆகிவிட்டாள். முத்திரை கிழிந்த பெட்டி. தினமும் கையாளும் டீச்சர். தேர்வில் ஏதோ திருட்டுத்தனம் நடந்து, அதற்குப் பிறகு மாட்டிக்கொள்ளாமல் இருக்க ஸ்கேல்களை எல்லாம் அறுத்து வைத்துவிட்டு, விசாரணைக்கு வருகிறவர் தானே கண்டுபிடிக்கட்டும் என்று காத்திருந்தால்? மேஜை சுத்தம், பை தயார், வருவீங்கன்னு தெரியும் என்று வரவேற்பு. எல்லாம் எவ்வளவு அழகாகப் பொருந்துகிறது!

தலைமையாசிரியர் அறைக்குப் போய் ஸ்கேலை டீச்சருக்கு முன்னால் வைத்தாள்.

"கண்டுபிடிச்சுட்டேன். எதால அறுத்தீங்க?"

முதல்முறையாக டீச்சரின் முகம் மாறியது. கோபமா, சிரிப்பா என்று பிரிக்க முடியவில்லை. ஓரத்தைத் தடவிப் பார்க்கச் சொன்னாள். முனைகள் உருண்டையாக, வழவழவென்று இருந்தன. அறுத்து உப்புத்தாள் போட்டுத் தேய்த்தாலும் வழவழவென்றுதான் இருக்கும் என்றாள் சல்லடை.

"அப்படின்னா வேற ஸ்கூல் பெட்டியைத் திறந்து பாருங்க மேடம். ஏதாவது ஒண்ணு. நீங்களே முடிவு பண்ணுங்க, எதுன்னு."

தலைமையாசிரியர் இருமினார். அதெல்லாம் எதற்கு மேடம், வேற ஸ்கூலை எல்லாம் ஏன் இழுக்கணும், இங்கேயே முடித்துக்கொள்ளலாமே என்று குழைந்தார். தன் பள்ளி டீச்சருக்கு வேலை போகப்போகிறது. அதைத் தடுக்க வழி கிடைக்கும்போது தடுக்கவேண்டாம் என்கிறார். புகார் சொன்ன ஃபோன் குரல் யாருடையது என்று சல்லடைக்குப் புரிந்துவிட்டது மாதிரி இருந்தது. பிள்ளைகள் எழுதிய விடை உள்ளே இருப்பவருக்குத்தான் தெரியும். உள்ளே இருப்பவர்களில் இவர்தான் இப்படி வியர்க்கிறார்.

பக்கத்தில் எந்தப் பள்ளி என்று ஹாரனைக் கேட்டாள்.

"நம்ம அக்கா ஸ்கூல்தான் மேடம். நாலு தெரு தள்ளி. டீயும் கிடைக்கும்."

அக்கா என்றால் சல்லடையின் கூடப்பிறந்த அக்கா. பெண்கள் பள்ளியின் தலைமையாசிரியை. திறனறித் தேர்வில் மாவட்டத்திலேயே முதலிடம் அவள் பள்ளிக்குத்தான். நாளைக்கு விழா. மேடையில் அக்காவுக்குக் கேடயமும், பள்ளிக்குப் புது ஆய்வுக்கூடமும் கொடுக்கப்போகிறார்கள். தங்கையின் கேள்விக்கு ஒரு பிள்ளைகூடத் தப்பாக எழுதவில்லை என்று அக்கா சொந்தக்காரர்களுக்கு எல்லாம் ஃபோன் போட்டுச் சொல்லியிருந்தாள்.

அக்காவின் அறையில் கேடயம் வைப்பதற்கு அலமாரியில் ஏற்கெனவே இடம் ஒதுக்கித் துடைத்திருந்தது. தங்கையைக் கண்டதும் அக்கா முதலில் திட்டத்தான் செய்தாள். அம்மாவின் கண்ணுக்கு மருந்து விட வருகிறேன் என்று சொல்லிவிட்டு வராமல் போனதற்கு, அம்மா கண்ணை மூடிக்கொண்டே வைத வசவையெல்லாம் அப்படியே ஒப்பித்தாள். மாமாவுக்கு இடுப்புப் பிடித்திருக்கிறது என்றாள். நாளைக்கு முன்வரிசையில் உட்காரவேண்டும், பின்னால் போய் ஒளிந்துகொள்ளக் கூடாது என்றாள். டீ வந்தது.

'செய்து பார்' பெட்டியைப் பார்க்கவேண்டும் என்றாள் சல்லடை.

அக்கா முகம் மலர்ந்தது. சாவியைத் தானே எடுத்துவந்து இரும்பு பீரோவைத் திறந்தாள். மேலே துணி போர்த்தி, பூச்சி அரிக்காமல் அந்துருண்டை போட்டு வைத்திருந்தாள் நீலப்பெட்டியை.

"பாத்துக்கோ. ஒரு கீறல் கிடையாது. மத்தவங்க மாதிரி உடைச்சு நொறுக்கி வெக்கலை. வந்தது வந்தபடியே இருக்கு."

வந்தது வந்தபடியே இருந்தது. சிவப்பு முத்திரைத் தாள் பெட்டியின் வாயைச் சுற்றி ஓட்டை ஒடிசல் இல்லாமல் ஒட்டியிருந்தது. கிடங்கிலிருந்து புறப்பட்டபோது போட்ட தேதியும் அதன்மேல் அழியாமல் இருந்தது.

சல்லடை டீ டம்ளரை ஜன்னல் விளிம்பில் வைத்தாள்.

"பரீட்சை அன்னைக்கு இதைத் திறக்கவே இல்லையா அக்கா?"

அக்கா வாயைத் திறந்தாள். பிறகுதான் கேள்வியின் அர்த்தம் அவளுக்குப் போய்ச் சேர்ந்தது. திறந்த வாய் அப்படியே நின்றது.

சல்லடை முத்திரையைக் கிழித்தாள். எதிரில் நின்று பார்த்துக்கொண்டிருந்த அக்கா தடுக்கவில்லை. ஸ்கேல்கள் கிடங்குக்காரன் போட்ட ரப்பர் பேண்டோடு கட்டாக இருந்தன. மேலே இருந்த ஒன்றை உருவித் தன் இரும்பு ஸ்கேலோடு சேர்த்து வைத்தாள். ஒன்றுக்கு ஒன்றரை.

ஒரே தொழிற்சாலை, ஒரே அச்சு, ஒரே வெட்டு. மாவட்டம் முழுக்க இதே ஸ்கேல்தான் போயிருக்கிறது. இதை வைத்து அளந்த எந்தப் பிள்ளைக்கும் தொண்ணூற்று ஆறு வராது. தொண்ணூற்று ஆறு என்று எழுதியவர்கள் எவருமே அளக்கவில்லை.

அக்கா கதவைச் சாத்திவிட்டு வந்து உட்கார்ந்தாள். தேர்வு நாள் காலையில் எல்லாத் தலைமையாசிரியர் ஃபோனுக்கும் விடைகள் வந்ததாகச் சொன்னாள். பிள்ளைகளுக்குக் கரும்பலகையில் எழுதிப்போட்டுவிட்டு உடனே அழித்துவிடச் சொல்லியிருந்தார்களாம்.

"எங்கிருந்து வந்துச்சு?"

"உன் ஆபீஸ்லேர்ந்துதான். உனக்கு மட்டும் தெரியக்கூடாதுன்னு கண்டிப்பாச் சொல்லிட்டாங்க. வேற என்ன பண்ணுவாங்க? இத்தனை செலவு பண்ணி, முதல் வருஷமே பிள்ளைங்களுக்கு ஒண்ணும் வரலைன்னு மந்திரிகிட்டப் போய்ச் சொல்ல முடியுமா?"

சல்லடை ஸ்கேல்களைச் சேர்த்துத் திரும்ப ரப்பர் பேண்டை மாட்டினாள். அந்தக் கேள்வியை எழுதிவிட்டு அன்றைக்கு ராத்திரி வீட்டில் அவள் எத்தனை சந்தோஷமாக இருந்தாள் என்பது அக்காவுக்குத் தெரியும். அதை நினைத்தபடியேதான் அக்கா மறுபடி பேசினாள். இந்தமுறை குரல் தணிந்திருந்தது.

"அந்த டீச்சர் யாருன்னுகூட உனக்குத் தெரியாது. ஒரு கையெழுத்து. நான் யாருடி உனக்கு?"

சல்லடை ஸ்கேல் கட்டை அப்படியே கைப்பையில் போட்டுக்கொண்டாள். கிழித்த முத்திரைத் தாளையும் மடித்து வைத்தாள். வாசல்வரை வந்து நின்று, அம்மாவின் கண்ணுக்கு மருந்து விட இன்றைக்குக் கட்டாயம் வருவதாகச் சொன்னாள். ஜீப்பில் ஏறியபோது ஹாரன் பின்னால் திரும்பி, டீ எப்படி மேடம் என்றார். அவள் முகத்தைப் பார்த்ததும் முன்னால் திரும்பிக்கொண்டார்.

பள்ளிக்குத் திரும்பியதும் முதலில் தலைமையாசிரியரிடம் போனாள். உங்கள் ஃபோனுக்கும் விடை வந்ததா என்று ஒரே கேள்வி. அவர் நாற்காலியில் சரிந்தார். வந்தது என்றார். டீச்சரிடம் கொடுத்தாராம். டீச்சர் அதைப் பார்க்காமலேயே திருப்பித் தந்து, என் பிள்ளைகளுக்குப் பெருக்கத் தெரியும் சார் என்று சொல்லிவிட்டுப் போய்விட்டாளாம். அன்றிலிருந்து தூக்கம் இல்லை, எப்போது எவர் வந்து அந்த ஃபோனைக் கேட்பார் என்று பயந்து செத்துக்கொண்டிருந்ததாகச் சொன்னார். ஹாரன் சத்தம் கேட்டதும் ஏன் பெட்டி அறைக்கு ஓடினார் என்று கேட்டாள். கிழிந்த முத்திரையைக் கண்டால் அதிலிருந்து நூல் பிடித்து எல்லாவற்றையும் இழுத்துவிடுவாள் என்று பயமாம்.

"அப்ப புகார் சொன்னது நீங்கதானா?"

"நானா? மேடம், யாரும் இந்தப் பக்கமே வரக்கூடாதுன்னு வேண்டிக்கிட்டிருந்தவன் நான்."

அது பொய் மாதிரி இல்லை. இவ்வளவு கோழையான ஆள் தன் வீட்டுக்குத் தானே போலீஸைக் கூப்பிடமாட்டான்.

இயக்குநருக்கு ஃபோன் போட்டாள். கையெழுத்துப் போட்டாகிவிட்டதா என்றுதான் அவர் ஆரம்பித்தார். இல்லை சார், போடப்போவதும் இல்லை என்றாள். ஸ்கேல்களைப் பற்றிச் சொன்னாள். உடைக்காத முத்திரையைப் பற்றிச் சொன்னாள். பிறகு அவர் மிக மென்மையாக, முதலிடம் யாருடைய பள்ளி என்று யோசித்துப் பார்த்தாயா அம்மா என்றார்.

"யோசிச்சேன் சார். அறிக்கையில முதல் பேரா அந்த ஸ்கூலைத்தான் போடப்போறேன்."

அறிக்கையைத் தன்னிடம் நேரில் கொண்டுவந்து தரச் சொன்னார். நேரில் தந்தால் அது எந்த இழுப்பறையில் போய்த் தூங்கும் என்று சல்லடைக்குத் தெரியும். மதிப்பெண் சம்பந்தமான விஷயம் என்றால் துறை உள்ளேயே அமுக்கிக்கொள்ளலாம். வாங்கிய பொருளில் குறை என்றால் கதை வேறு. அது தணிக்கை அலுவலகத்துக்குப் போகும். அங்கே போனதை எந்த இயக்குநரும் திரும்ப வாங்க முடியாது. ஆகவே அவள் அறிக்கைக்கு 'குறையுள்ள அளவுகோல்கள் கொள்முதல்' என்று தலைப்புப் போட்டாள். உள்ளே எல்லாவற்றையும் எழுதினாள். இரண்டு பள்ளி ஸ்கேல்களையும் முத்திரைத் தாளையும் சேர்த்து உறையில் போட்டு, நேரே தணிக்கை அலுவலகத்தில் கொடுத்துவிட்டு ரசீது வாங்கி வரச் சொல்லி ஹாரனை அனுப்பினாள். ஜீப் போய்விட்டதால் அவள் இனிப் பேருந்தில்தான் வீட்டுக்குப் போகவேண்டும்.

பணிநீக்க உத்தரவை எடுத்து, குறுக்கே கோடு போட்டு, 'குற்றம் இல்லை' என்று எழுதிக் கையெழுத்துப் போட்டாள். வகுப்புக்குத் திரும்பியிருந்த டீச்சரிடம் பிரதியைக் கொடுத்தாள்.

டீச்சர் வாசித்தாள். மடித்து வைத்தாள். நாற்காலிமேல் இருந்த துணிப்பையின் முடிச்சை அவிழ்த்தாள். நன்றி என்று அவள் சொல்லவில்லை. சல்லடை எதிர்பார்க்கவும் இல்லை. வகுப்பில் பிள்ளைகள் இல்லை. வெளியே திடலில், அளப்பதற்குக் கொடுத்த வெள்ளைத் தாள்களைச் சுருட்டி யாரோ பந்தாடிக்கொண்டிருந்தார்கள்.

கிளம்ப எழுந்தவளுக்கு ஒன்று மட்டும் தொண்டையில் முள்ளாக நின்றது. எதையும் சலிக்காமல் விட்டு அவளுக்குப் பழக்கம் இல்லை.

"ஒண்ணு கேக்கணும். உங்க மேல புகார் சொன்ன ஆள் யாரு? உங்க ஹெட்மாஸ்டர் இல்லை. பிள்ளைங்க போட்ட விடை வெளி ஆளுக்குத் தெரிய வழியில்லை. கூட வேலை பார்க்கறவங்கள்ல உங்களுக்கு ஆகாதவங்க யாரு? பேரைச் சொல்லுங்க, நான் பார்த்துக்கறேன்."

டீச்சர் கைக்குட்டையால் முழங்கைச் சுண்ணாம்பைத் துடைத்தாள். சொல்லலாமா வேண்டாமா என்று யோசிப்பதுபோல் இருந்தது.

"தேர்வு முடிஞ்ச அன்னைக்கே ஸ்கேல் தப்பா இருக்குன்னு கண்டுபிடிச்சுட்டேன் மேடம். அந்தப் புகார் நம்பருக்கு என் பேரைச் சொல்லி, ஸ்கூல் பேரைச் சொல்லி, 'ஸ்கேல்ல அரை சென்டிமீட்டர் இல்லை, வந்து பாருங்க'ன்னு சொன்னேன். குறிச்சுக்கிட்டோம்னாங்க. யாரும் வரல. மறுபடி சொன்னேன். மறுபடியும் குறிச்சுக்கிட்டாங்க."

"அப்புறம்?"

"அப்புறம் என் பேரைச் சொல்லாம ஒரு தடவை பண்ணேன். 'அந்த டீச்சர் பிள்ளைங்களுக்கு விடை சொல்லிக் குடுத்துட்டாங்க, நூத்தி ஆறே காலான்னு எடுத்துப் பாருங்க'ன்னு. உடனே ஜீப் வந்துடுச்சு."